கம்யூனிட்டி காலேஜா, நேரடியாகப் பல்கலைக்கழகமா? கலிஃபோர்னியப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்ச் கடைசியில் எனக்கு வரும் போன்களில் பாதி இந்த விஷயமாகத்தான் இருக்கும். யூசி, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சேர்க்கை முடிவுகள் அப்போதுதான் வந்திருக்கும். வீட்டில் யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

"அக்கா, யூசியில எர்வைன் வளாகம் கிடைக்கல. ரிவர்சைடு வளாகம் மட்டும்தான் வந்திருக்கு. கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சுட்டு மாறிக்கலாம்னு இவர் சொல்றார். எனக்கு மனசே ஒப்பல. ஊர்ல அத்தை கேட்டா என்னன்னு சொல்றது?"

போன வருஷம் ஒரு தங்கை இப்படிக் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். என் மூத்த மகள் கம்யூனிட்டி காலேஜில் படித்து யூசிக்கு மாறியவள். இளையவன் நேராகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். இரண்டு வழியிலும் பணம் கட்டியிருக்கிறேன், இரண்டிலும் கவலைப்பட்டிருக்கிறேன். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. கல்லூரிக் கட்டணம் இந்தக் கணக்கில் மிகச் சின்ன எண். பெரிய எண், பிள்ளை எத்தனை வருஷத்தில் முடிக்கிறாள் என்பது. கீழே எழுதியிருக்கும் ஒவ்வொரு படியும் அதைச் சுற்றித்தான்.

பெயரைக் கேட்டு முகம் சுளிப்பதற்கு முன்

நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் பெரும்பாலும் தொழிற்பயிற்சி தரும் இடம் என்று பொருள். ஊரில் இருப்பவர்களிடம் சொல்லும்போது அந்தப் படம்தான் அவர்கள் மனதில் வருகிறது. இங்கே கதை வேறு. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் முதல் அரசு ஜூனியர் காலேஜ் (கம்யூனிட்டி காலேஜின் பழைய பெயர்) தொடங்கியதே, பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு வருஷத்தை ஊரிலேயே படிக்க வைக்கத்தான். கலிஃபோர்னியாவில் 1910இல் ஃப்ரெஸ்னோவில் தொடங்கியது. 1960இல் மாநிலம் போட்ட பெருந்திட்டம் மூன்று அடுக்கை வகுத்தது. பள்ளி முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்கினருக்கு யூசி, மேல் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கால் ஸ்டேட் எனும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், மற்ற எல்லாருக்கும் கம்யூனிட்டி காலேஜ். கீழ் அடுக்கிலிருந்து மேலே ஏறிப் போக ஏணியும் அப்போதே வைத்தார்கள். இன்று இந்த அமைப்பில் 116 கல்லூரிகள் இருக்கின்றன.

ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், குப்பர்ட்டினோவில் உள்ள டி ஆன்ஸா கல்லூரியில் படித்துவிட்டுத்தான் பெர்க்லி போனார். நடிகர் டாம் ஹாங்ஸ் ஹேவர்டில் உள்ள ஷாபோ கல்லூரியில் படித்தவர். ஜில் பைடன் தன் கணவர் அதிபராக இருந்தபோதும் வடக்கு வர்ஜீனியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தார். அத்தை கேட்டால் இவற்றைச் சொல்லலாம். ஆனால் இந்தப் பெயர்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். முடிவு கணக்கில் இருக்கிறது.

படி 1: எதற்காகப் போகிறோம் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், பிள்ளையின் கையால். "யூசி டேவிஸில் உயிரியல் பட்டம்." "நர்ஸ் ஆக வேண்டும்." "என்ன படிப்பது என்று ஒரு வருஷம் யோசிக்க வேண்டும்." மூன்றும் நேர்மையான பதில்கள்தான். ஆனால் மூன்றுக்கும் செலவு வேறு, பலன் வேறு. ட்ரான்ஸ்ஃபர் வழியில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழியில் போகிறவருக்கு இரண்டு வருஷப் பட்டம் ஒரு நடுப்படி. தொழில் வழியில் போகிறவருக்கு அதுவே வேலைக்கான சீட்டு. யோசிக்கப் போகிறவருக்கு இது மலிவாக யோசிக்கக் கிடைத்த இடம், ஆனால் அந்த யோசனைக்கு ஒரு கெடு வைக்க வேண்டும்.

எழுத முடியாமல் தவிக்கிறாளா? திட்ட வேண்டாம். 17 வயதில் தெரியாமல் இருப்பது குற்றமில்லை. கணக்கு ஒன்று, ஆங்கிலம் ஒன்று, அவளை இழுக்கும் பாடம் ஒன்று என்று முதல் செமஸ்டரை அமைத்துவிட்டு, டிசம்பரில் இந்தத் தாளை மறுபடியும் எடுங்கள்.

படி 2: உங்கள் குடியேற்ற நிலையைப் பாருங்கள்

நம் குடும்பங்களில் இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். பிறகு இதுவே பெரிய அதிர்ச்சியாக வருகிறது.

குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் ஃபாஃப்சா எனும் மத்திய உதவி விண்ணப்பத்தை நிரப்பலாம். மத்திய அரசின் பெல் உதவித்தொகை 2024–25இல் அதிகபட்சம் 7,395 டாலர். எச்1பி வேலை விசாவில் வந்தவர்களைச் சார்ந்து எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய உதவி கிடையாது. ஆனால் கலிஃபோர்னியாவில் எச்1பி, எச்4 குடும்பங்கள் மாநிலவாசி என்று நிறுவ முடியும். அதனால் மாநிலவாசிக்கான கட்டணம் கிடைக்கும். எச்4 பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, சம்பளம் தரும் இன்டர்ன்ஷிப்பும் முடியாது. "பார்ட் டைம் வேலை பார்த்துப் புத்தகச் செலவைச் சமாளிப்பான்" என்ற திட்டம் அங்கே உடைந்துவிடும்.

21 வயது நிறைவதையும் மறக்கக் கூடாது. அன்றோடு எச்4 முடிந்துவிடும், பலர் எஃப்1 எனும் மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்த பிள்ளைக்கு 21 நிறைவது பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில், அதாவது யூசிக்குள் போன வருஷத்தில். அங்கே வெளிமாநிலக் கட்டணம் விழுந்தால் வருஷத்துக்கு 30,000 டாலருக்கு மேல் கூடும். இது நேரடியாகச் சேர்கிறவருக்கும் உள்ள சிக்கல்தான். ஆனாலும், "விசா மாறினால் என் கட்டண வகை என்ன ஆகும்?" என்று சேரப்போகும் இடத்தின் குடியிருப்பு அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப் பதிலை நம்ப வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து நேராக எஃப்1 விசாவில் கம்யூனிட்டி காலேஜுக்கு வர நினைப்பவர்களுக்கு மலிவு என்ற சொல் பாதிதான் உண்மை. வெளிநாட்டு மாணவருக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் கிரெடிட் கணக்கு இது) 300 டாலரைத் தாண்டுவது சகஜம். ஒவ்வொரு செமஸ்டரும் 12 யூனிட் எடுத்தே ஆக வேண்டும், அந்தக் கணக்கில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் சேரும். படிப்புக்குப் பின் வேலை செய்யக் கிடைக்கும் ஓபிடி அனுமதி இரண்டு வருஷப் பட்டத்துக்கும் 12 மாதம் உண்டு. ஆனால் அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கான ஸ்டெம் நீட்டிப்புக்கு இளநிலைப் பட்டமாவது வேண்டும், எச்1பிக்கும் அப்படியே. அதனால் நான்கு வருஷத்துக்குமான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். முதல் இரண்டு வருஷத்துக்கு மட்டும் பணம் திரட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டாம்.

படி 3: செலவை உண்மையாக எழுதுங்கள்

மாநிலவாசிக்கு ஒரு செமஸ்டர் யூனிட் 46 டாலர். 2012 கோடையிலிருந்து இந்தத் தொகை மாறவில்லை. ட்ரான்ஸ்ஃபருக்கு 60 யூனிட் வேண்டும், அப்படியென்றால் 2,760 டாலர். டி ஆன்ஸா, ஃபுட்ஹில் போல குவார்ட்டர் முறையில் நடக்கும் கல்லூரிகளில் யூனிட் 31 டாலர், 90 யூனிட் வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வருமானம் குறைந்த குடும்பமென்றால் ப்ராமிஸ் கிராண்ட் அந்த 46 டாலரையும் தள்ளுபடி செய்துவிடும். முதல்முறை கல்லூரிக்கு வந்து முழுநேரம் படிப்பவர்களுக்கு, வருமானம் எதுவானாலும் இரண்டு வருஷம் கட்டணம் வாங்காத கல்லூரிகளும் பல இருக்கின்றன. கேட்காமல் பணம் கட்டிவிட வேண்டாம்.

கட்டணம் தவிர மீதி இருக்கிறது. புத்தகம், சுகாதாரக் கட்டணம், பார்க்கிங், கார், பெட்ரோல், 18 வயது ஓட்டுநருக்கான இன்சூரன்ஸ். பல வீடுகளில் கார்ச் செலவு கல்லூரிக் கட்டணத்தை விழுங்கிவிடும். பஸ் வசதி உள்ள கல்லூரியா என்று பாருங்கள். பாட அட்டவணையில் புத்தகச் செலவே இல்லாத வகுப்புகளைத் தனியாகக் குறித்திருப்பார்கள். அவற்றை முதலில் எடுத்தால் நல்ல மிச்சம்.

சரி, எதோடு ஒப்பிடுவது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வீட்டிலிருந்து போகும் கம்யூனிட்டி காலேஜை, விடுதியில் தங்கிப் படிக்கும் யூசியோடு ஒப்பிட்டு "80,000 மிச்சம்" என்கிறார்கள். யூசியில் டியூஷன் எனும் படிப்புக் கட்டணம் வருஷத்துக்கு 14,000 டாலருக்கு மேல், தங்குவதும் சாப்பாடும் சேர்த்தால் 40,000ஐத் தாண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த மிச்சத்தில் பெரும்பங்கு பிள்ளை வீட்டில் இருப்பதால் வருவது. பக்கத்தில் ஒரு கால் ஸ்டேட் இருந்தால் அதற்கும் வீட்டிலிருந்தே போகலாமே. 2025–26இல் கால் ஸ்டேட் டியூஷன் 6,450 டாலர். சான் ஹோசே ஸ்டேட் போன்ற இடத்தில் வளாகக் கட்டணமும் சேர்த்தால் 8,000ஐத் தாண்டும். இரண்டு வருஷத்துக்கு 16,000 சொச்சம். அதோடு ஒப்பிட்டால் கம்யூனிட்டி காலேஜில் மிச்சமாவது 13,000 அல்லது 14,000 டாலர்.

இன்னொன்று. யூசியின் அச்சிட்ட விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வருமானம் குறைந்த மாநிலவாசிக் குடும்பங்களுக்குப் புளூ அண்ட் கோல்ட் திட்டம் டியூஷன் முழுவதையும் ஏற்கிறது. ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் நிகரச் செலவுக் கணிப்பான் இருக்கும். அதில் உங்கள் வருமானத்தைப் போட்டு வரும் எண்ணைத்தான் தாளில் எழுத வேண்டும்.

படி 4: தாமதத்துக்கு விலை போடுங்கள்

2023இல் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை சொன்ன நடுத்தர வாரச் சம்பளம் இது. பள்ளிப் படிப்பு மட்டும் என்றால் 899 டாலர், இரண்டு வருஷப் பட்டம் 1,058, இளநிலைப் பட்டம் 1,493. 25 வயதுக்கு மேல் முழுநேரம் வேலை செய்கிறவர்களின் கணக்கு இது, புதிதாகப் பட்டம் வாங்கியவர்களுக்குக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் பாருங்கள். பள்ளிக்கும் இளநிலைக்கும் வாரம் 594 டாலர் வித்தியாசம். வருஷத்துக்கு 30,000க்கு மேல்.

அப்படியென்றால், இரண்டு வருஷத்தில் முடிய வேண்டிய கம்யூனிட்டி காலேஜ் மூன்று வருஷம் இழுத்தால், பக்கத்துக் கால் ஸ்டேட்டோடு ஒப்பிட்டு மிச்சமான 14,000 போய், மேலும் கையைக் கடிக்கும். யூசி விடுதியோடு ஒப்பிட்டால் ஒரு வருஷத் தாமதத்தைத் தாங்கலாம், இரண்டு வருஷத் தாமதத்தில் மிச்சம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

தாமதம் சோம்பலால் மட்டும் வருவதில்லை. ஒரு எண் குழப்பத்தால் வருகிறது. 12 யூனிட் எடுத்தால் முழுநேர மாணவர், உதவித்தொகைக்கும் அது போதும் என்று சொல்வார்கள். பிள்ளையும் அதையே எடுப்பாள். 12ஐ நாலு செமஸ்டரால் பெருக்கினால் 48. வேண்டியது 60. ஒரு நாள்கூட வகுப்பைத் தவறவிடாத பெண் ஐந்தாவது செமஸ்டரில் நிற்பாள், ஏன் என்றே அவளுக்குப் புரியாது. செமஸ்டருக்கு 15 எடுக்க வேண்டும், அல்லது 12 எடுத்து, சேரும் முன் வரும் கோடையிலும் நடுவில் வரும் கோடையிலும் தலா 6 எடுக்க வேண்டும். பள்ளியிலேயே ஏபி எனும் கல்லூரி நிலைத் தேர்வுகளோ, கம்யூனிட்டி காலேஜ் வகுப்புகளோ முடித்திருந்தால் இந்தச் சுமை குறையும். பள்ளி மாணவர்களுக்கு இந்த வகுப்புகள் பெரும்பாலும் இலவசம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பெற்றோர்களே, இதை இப்போதே விசாரியுங்கள்.

படி 5: எத்தனை பேர் கரை சேர்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதை மறைத்துப் பேசுவது பாவம். கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறவர்களில் 80 சதவீதம் பேர் இளநிலைப் பட்டம் வேண்டும் என்கிறார்கள். நாடு முழுதும் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கினர்தான் நாலு வருஷக் கல்லூரிக்கு மாறுகிறார்கள். மாறியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பட்டம் வாங்குகிறார்கள். ஆறு வருஷம் கழித்து மொத்தமாக எண்ணினால் 16 சதவீதம். 2024இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையமும் அதோடு சேர்ந்த அமைப்புகளும் வெளியிட்ட எண் இது.

இதைக் கேட்டதும் அந்தத் தங்கை போனில் பேசாமலே இருந்தாள். நான் சொன்னேன், "இந்த 100 பேருல பாதிக்கு மேல வேலை பாத்துக்கிட்டே படிக்கிறவங்கம்மா. பிள்ளை வச்சிருக்கறவங்க, வாடகைக்கு ஓடுறவங்க எல்லாரும் இதுல இருக்காங்க. உன் பையன் வீட்டுல சாப்பிட்டு, முழுநேரம் படிக்கப் போறான். அவன் நெலமை வேற. ஆனா ஏணியில ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு ஏறணும்."

ஓட்டை எங்கே என்பதும் தெரிந்ததுதான். மாறும்போது யூனிட்டுகள் தொலைகின்றன. 2017இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது, கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீத யூனிட்டை இழந்திருந்தார்கள். எல்லா வகைக் கல்லூரிகளையும் சேர்த்த கணக்கு அது, அரசுக் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்குப் போனால் இழப்பு குறைவு. என் மகளுக்கும் ஒரு புள்ளியியல் பாடம் அப்படிப் போனது. கவுன்சிலர் ஒருவர் "இது எல்லா இடத்திலும் செல்லும்" என்று சொன்னதை நம்பினோம். யூனிட்டாகச் சென்றது உண்மை. ஆனால் அவள் மேஜருக்கு (பட்டத்தின் முதன்மைத் துறைக்கு) வேறு புள்ளியியல் பாடம் கேட்டார்கள். அங்கே போய் மறுபடி எழுதினாள். அன்றைக்கு அவள் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் அடுத்த படியை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படி 6: ட்ரான்ஸ்ஃபர் திட்டத்தைச் சேரும் முன்பே போடுங்கள்

அசிஸ்ட் டாட் ஆர்க் என்று ஒரு அரசுத் தளம் இருக்கிறது. எந்தக் கம்யூனிட்டி காலேஜின் எந்தப் பாடம், எந்த யூசியில் அல்லது கால் ஸ்டேட்டில், எந்த மேஜருக்கு எந்தப் பாடத்துக்கு ஈடு என்று அதில் போட்டிருக்கும். இலவசம். உங்கள் கல்லூரியையும் போக நினைக்கும் இடத்தையும் தேர்ந்தெடுத்து, மேஜரை அழுத்தினால் பட்டியல் வரும். மூன்று அல்லது நான்கு பல்கலைக்கழகங்களுக்கு இப்படி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான பாடங்களை முதலில் எடுக்க வேண்டும். ஒரே ஒரு இடம் மட்டும் கேட்கும் பாடம் கடைசியில். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் முடிகிற வேலை. என் மகள் விஷயத்தில் அந்தச் சனிக்கிழமையை நாங்கள் ஒதுக்கவில்லை.

பொதுப் பாடங்களுக்கு 2025 இலையுதிர் காலம் முதல் கால்ஜெட்சி என்ற ஒரே தொகுப்பு. யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் அதுவே செல்லும். பொறியியல் போன்ற மேஜர்களுக்கு மட்டும், பொதுப் பாடத்தைவிட மேஜர் பாடங்களை முடிப்பதுதான் முக்கியம்.

பொறியியல், இயற்பியல் பிள்ளைகளுக்குப் பாடச் சங்கிலி என்று ஒன்று உண்டு. கால்குலஸ் ஒன்று முடித்தால்தான் இரண்டு, இரண்டு முடித்தால்தான் மூன்று. அப்புறம் லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். கால்குலஸோடு சேர்ந்துதான் இயற்பியலின் மூன்று பாடங்களும் நகரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலு செமஸ்டரில் மூச்சு விட இடமில்லை. பிள்ளை முதல் நாள் கால்குலஸ் ஒன்றில் உட்கார வேண்டும். ப்ரீகால்குலஸில் தொடங்கினால், முந்தைய கோடையில் அதை முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் வருஷம் நிச்சயம். சங்கிலியில் ஒரு பாடம் எல்லாக் காலத்திலும் நடக்குமா, இலையுதிர் காலத்தில் மட்டும் நடக்குமா என்பதையும் கேளுங்கள்.

இன்னொரு விஷயம் எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் விண்ணப்பம் அக்டோபர், நவம்பரில் போகும். இரண்டு வருஷத்தில் மாறப்போகும் பிள்ளை, இரண்டாம் வருஷம் தொடங்கி மூன்று மாதத்திலேயே விண்ணப்பிக்கிறாள். அவர்கள் பார்ப்பது முக்கியமாக முதல் வருஷ மதிப்பெண்ணை. ஆக, "இரண்டு வருஷம் இருக்கே" என்ற நிம்மதி பொய். அவளுக்கு இருப்பது ஒரு வருஷம், அதோடு ஒரு கோடை.

யூசியின் டாக் என்ற உறுதிச் சேர்க்கை ஒப்பந்தத்துக்கு இன்னும் முன்பே, செப்டம்பர் 1 முதல் 30க்குள் எழுத வேண்டும். அதற்குள் 30 யூனிட் முடித்திருக்க வேண்டும். டேவிஸ், எர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்ட்டா பார்பரா, சான்ட்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் இதில் உண்டு. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ இல்லை. கேட்ட ஜிபிஏயும் (சராசரி மதிப்பெண்) பாடங்களும் இருந்தால் இடம் உறுதி. ஒரு வளாகத்துக்குத்தான் எழுத முடியும். கம்ப்யூட்டர் சயின்ஸும் பொறியியலும் பல வளாகங்களில் இந்த ஒப்பந்தத்துக்குள் வராது. நம் வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் கேட்பது அதைத்தான் என்பதால் இதைச் சேரும் முன்பே பாருங்கள். கால் ஸ்டேட்டுக்கு ஏடிடி என்ற ட்ரான்ஸ்ஃபர் பட்டம் இருக்கிறது. அது கால் ஸ்டேட் அமைப்பில் எங்காவது ஓர் இடம் உறுதி என்கிறது. நீங்கள் கேட்கும் வளாகத்தில் என்று சொல்லவில்லை.

டாக் இல்லாத மேஜருக்கு என்ன வாய்ப்பு என்று தெரிய, யூசி தகவல் மையத்தின் தளத்தில் மேஜர் வாரியாக ட்ரான்ஸ்ஃபர் விண்ணப்பம், சேர்க்கை, ஜிபிஏ எல்லாம் இருக்கின்றன. வதந்தியை விட்டு அந்த எண்களைப் பாருங்கள். பொதுவாக யூசி, கலிஃபோர்னியக் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு மற்ற ட்ரான்ஸ்ஃபர்களைவிட முன்னுரிமை தருகிறது. யூசிஎல்ஏவில் சேரும் ட்ரான்ஸ்ஃபர்களில் பத்தில் ஒன்பது பேர் இவர்கள்தான். பள்ளியிலிருந்து கிடைக்காத கதவு இப்படித் திறப்பது உண்மைதான்.

படி 7: தொழில் வழியை மதிப்போடு பாருங்கள்

நம் குடும்பங்கள் இந்தப் பக்கத்தைத் திரும்பியே பார்ப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கம்யூனிட்டி காலேஜில் நர்ஸிங் இரண்டு வருஷப் பட்டம் முடித்தவரும், நாலு வருஷப் பட்டம் முடித்தவரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வு, வாங்குவது ஒரே ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம். பல் சுகாதாரப் படிப்பு முடித்தவர்களின் நடுத்தரச் சம்பளம் 2023இல் நாடு முழுதும் 87,000 டாலருக்கு மேல். சில கம்யூனிட்டி காலேஜ்கள் இப்போது இளநிலைப் பட்டமே தருகின்றன. ஃபுட்ஹில் கல்லூரியில் பல் சுகாதாரத்துக்கு அது உண்டு.

இங்கே எச்சரிக்கை ஒன்றுதான். நர்ஸிங்கில் இடம் குறைவு. உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல் என்று முன்பாடங்களை முடித்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும். "இரண்டு வருஷப் பட்டம்" நடைமுறையில் நாலு வருஷம் ஆகலாம். சேரும் முன் நர்ஸிங் துறைக்கே போய், போன முறை எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள், எத்தனை பேர் முதல் முயற்சியில் உரிமத் தேர்வில் தேறினார்கள் என்று கேளுங்கள். எச்4 பிள்ளையென்றால் உரிமம் கிடைத்தும் வேலை செய்ய அனுமதி இருக்குமா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

படி 8: பணத்தில் எழுத முடியாததை எழுதுங்கள்

விடுதி நண்பர்கள், முதல் வருஷத்திலேயே ஆய்வுக்கூடத்தில் நுழைவது, பள்ளியிலிருந்து நேராக வருபவருக்கு மட்டும் தரும் தகுதி உதவித்தொகை. இவை போகும். மூன்றாம் வருஷம் யூசிக்குள் போகும்போது மற்றவர்களுக்கு நட்பு வட்டம் அமைந்திருக்கும். வந்து இறங்கிய சில வாரத்திலேயே இன்டர்ன்ஷிப் வேட்டை தொடங்கிவிடும். என் மகளுக்கு அந்த முதல் இலையுதிர் காலம் தனிமையாகத்தான் இருந்தது.

கிடைப்பதும் உண்டு. 300 பேர் அரங்கில் கேட்க வேண்டிய கால்குலஸை 35 பேர் வகுப்பில், கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியரிடம் கேட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பள்ளியில் கணக்கென்றால் பயந்தவள் அங்கேதான் தெளிந்தாள். பக்கத்து இருக்கையில் 40 வயது மெக்கானிக் ஒருவர் உட்கார்ந்து படித்தார். படிப்பு என்றால் என்ன என்று அவரைப் பார்த்து என் மகள் கற்றுக்கொண்டதை எந்த யூனிட்டிலும் எழுத முடியாது.

பிள்ளை மனதில் "நான் தோற்றுவிட்டேன்" என்ற எண்ணம் இருந்தால், கணக்கு எவ்வளவு சரியாக வந்தாலும் அவசரப்பட வேண்டாம். முதலில் அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். அப்பா, அம்மா வெட்கப்படுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். விருந்தில் யாராவது "எங்கே சேர்த்தீங்க?" என்று கேட்கும்போது கல்லூரிப் பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள். அவள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

படி 9: சேர்ந்த பிறகு முதல் செமஸ்டரைக் காவல் காத்திடுங்கள்

அறிமுக வகுப்பையும் கல்வித் திட்டத்தையும் முடித்த புது மாணவருக்குப் பாடப் பதிவில் முன்னுரிமை கிடைக்கும். கால்குலஸ், வேதியியல் வகுப்புகள் சில மணி நேரத்தில் நிரம்பிவிடும் என்பதால் அந்த முன்னுரிமை தங்கம். ஃபாஃப்சா அக்டோபரில் திறந்ததும் நிரப்புங்கள். மாநில உதவித்தொகையான கால் கிராண்டுக்குக் கெடு மார்ச் 2. அதைத் தவறவிட்ட கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்குச் செப்டம்பர் 2 என்று இன்னொரு கெடு உண்டு. வருமானம் குறைந்த குடும்பமென்றால் ஈஓபிஎஸ் திட்டத்தையும், அறிவியல் படிப்பவருக்கு மேசா மையத்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அங்கே இருக்கும் கவுன்சிலர்களுக்கு மாணவர்கள் குறைவு, நேரம் அதிகம்.

பாடம் ஒத்துவரவில்லை என்றால், செமஸ்டர் தொடங்கிய ஆரம்ப வாரங்களில் தடமே இல்லாமல் விலக ஒரு கெடு இருக்கும். அதைத் தாண்டினால் டபிள்யூ என்று மதிப்பெண் தாளில் பதியும். ஒரு பாடத்தை எத்தனை முறை எடுக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு, டபிள்யூவும் அந்தக் கணக்கில் சேரும். அந்தக் கெடு நாளைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

டிசம்பரில் மதிப்பெண் வந்ததும் மூன்று கேள்வி. 15 யூனிட் முடிந்ததா? மேஜருக்கான கணக்குப் பாடம் நல்ல மதிப்பெண்ணோடு முடிந்ததா? முதல் நாள் எழுதிய அந்த ஒரு வரி இன்னும் அப்படியே இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் வசந்தகால வகுப்புகளைப் பதிந்துவிட்டு நிம்மதியாக இருங்கள். ஏதாவது ஒன்றுக்கு இல்லை என்றால், ஜனவரியிலேயே கவுன்சிலரிடம் நேரம் வாங்கி, அசிஸ்ட் தாள்களையும் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு போங்கள். கேள்விகளை அவள் கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பதில்களை எழுதிக்கொள்ளுங்கள்.